அம்மாவின் கவுண்ட் இறங்கினால் கேன்சர் பரவுகிறது என்று அர்த்தமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 56 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து, 21 நாளுக்கு ஒருமுறை கீமோ போகிறது. இரண்டாவது கீமோ போட்ட 3-ம் நாள் ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு எண்ணிக்கை, அதாவது கவுண்ட், 12,600. ரொம்பச் சோர்வாக இருக்கிறாரே என்று 11-ம் நாள் ஊர் லேபில் பார்த்தபோது 1,900. 21-ம் நாள் 2,600. டாக்டர் மூன்றாவது கீமோவை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டார். ‘ரத்தத்தில் பரவிவிட்டது, அதனால்தான் மருந்தை நிறுத்துகிறார்கள்’ என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். தெருவில் ஒரு பையனுக்கு ரத்தப் புற்றுநோய். அவன் வீட்டிலோ கவுண்ட் ஏறினால்தான் பயப்படுகிறார்கள். இதில் எது சரி, பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா, கவுண்ட் ஏற்றும் ஊசி கேட்கலாமா என்பவை நீங்கள் எழுதிய கேள்விகள். எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த எண்ணைப் பார்த்து அம்மா குணமாகிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியாது. புற்றுநோய் மருத்துவராகப் பல வருடங்களாக இந்த ரிப்போர்ட்டுகளைப் பார்த்துத்தான் கீமோ எழுதுகிறேன். மார்பகம், குடல், நுரையீரல் போன்ற உறுப்புகளில் வரும் புற்றுநோய்க்கு வெள்ளையணு எண்ணிக்கை நோயை அளக்கும் கருவி இல்லை. மருந்தின் அடியை, ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை எவ்வளவு தாங்குகிறது, எப்போது மீள்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. 11-ம் நாள் இறங்கியது எதிர்பார்த்ததுதான். 21-ம் நாளும் முழுதாக மீளவில்லை என்பதால் ஒரு வாரம் தள்ளியிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன எண்களில் நோய் பரவியதற்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அம்மாவை நான் நேரில் பார்க்கவில்லை, நீங்கள் தட்டச்சு செய்த எண்கள் மட்டுமே என்னிடம் இருக்கின்றன என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

வெள்ளையணுக்களில் பெரும்பங்கு நியூட்ரோஃபில் என்ற வகை. பாக்டீரியாவையும் பூஞ்சையையும் முதலில் எதிர்கொள்வது இதுதான். ரத்தத்தில் இதன் ஆயுள் சில மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒரு நாள் அளவு. அதனால் மஜ்ஜை ஓயாமல் இதை உற்பத்தி செய்துகொண்டே இருக்க வேண்டும். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி. கீமோ மருந்து வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும். புற்றுநோய்ச் செல்லும் வேகமாகப் பிரிகிறது, மஜ்ஜையின் தாய்ச் செல்லும் வேகமாகப் பிரிகிறது, இரண்டுக்கும் அடி விழுகிறது. ஆனால் ஏற்கெனவே பிரிந்து முடித்து, முதிர்ந்து வெளியே வரக் காத்திருக்கும் செல்கள் மஜ்ஜையில் சில நாள் இருப்பாக இருக்கும். அவற்றை மருந்து அவ்வளவாகத் தொடாது. வயலில் பயிர் போனாலும் குதிரில் இருக்கும் நெல் கொஞ்ச நாள் தாங்குமே, அப்படி. அந்த இருப்பு ஒரு வாரத்தில் தீர்ந்துபோகும். அதனால்தான் கீமோ போட்ட மறுநாள் ஒன்றும் தெரியாமல், 7-ம் நாளிலிருந்து 14-ம் நாளுக்குள் எண்ணிக்கை அடித்தளத்தைத் தொடுகிறது. பிறகு மஜ்ஜை எழுந்து, 21 முதல் 28 நாளுக்குள் பழைய நிலைக்கு வருகிறது. 21 நாள் இடைவெளி என்ற கணக்கே இதை வைத்துப் போட்டதுதான். சிவப்பணு 120 நாள் வாழ்வது, அதனால் ஹீமோகுளோபின் மெதுவாகத்தான் இறங்கும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 8, 10 நாள் வாழ்வது. மூன்றில் முதலில் விழுவது வெள்ளையணு.

மருந்துக்கு மருந்து இந்தக் கணக்கு மாறும். மூளைக் கட்டிக்குக் கொடுக்கும் லோமஸ்டின் போன்றவற்றில் 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் இறங்கும். அதனால் இன்னொருவருடைய நாள் கணக்கை அம்மாவோடு ஒப்பிடாதீர்கள்.

3-ம் நாள் 12,600 வந்ததைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். அது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. வாந்தி வராமலிருக்கக் கீமோவோடு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்போம். ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில்களை அது ஓட்டத்தில் இறக்கிவிடும், மஜ்ஜையிலிருந்தும் கொஞ்சம் வெளியே தள்ளும். எண்ணிக்கை தற்காலிகமாக ஏறும். கவுண்ட் ஏற்றும் ஊசி அப்போதே போட்டிருந்தால் இன்னும் ஏறும், 20,000, 30,000 கூடப் போகும். கீமோ போட்ட முதல் சில நாட்களில் எடுக்கும் கவுண்ட் எதற்கும் உதவாது. காசைச் செலவழித்து அதை எடுக்க வேண்டாம்.

வெள்ளையணு இறங்குவதும் கீமோவும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து வந்தவை. முதல் உலகப் போரில் மஸ்டர்ட் வாயுத் தாக்குதலுக்கு ஆளான வீரர்களுக்கு வெள்ளையணுக்கள் அடியோடு குறைந்ததையும் மஜ்ஜை வற்றிப்போனதையும் அமெரிக்க மருத்துவர்கள் 1919-ல் எழுதிவைத்தார்கள். இதே வேதிக் குடும்பத்தை யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மேனும் ஆல்ஃப்ரெட் கில்மேனும் ஆராய்ந்தார்கள். 1942-ல் அங்கே நிணநீர்ப் புற்றுநோய் முற்றிய ஒருவருக்கு நைட்ரஜன் மஸ்டர்ட் கொடுக்கப்பட்டது. கட்டிகள் சுருங்கின. போர்க்கால ரகசியம் என்பதால் 1946 வரை அது வெளியே வரவில்லை. உங்கள் அம்மாவுக்குப் போகும் இரண்டு மருந்துகளில் சிவப்பாக இருப்பது டாக்சோரூபிசின். நிறமில்லாதது சைக்ளோஃபாஸ்ஃபமைட். அந்த இரண்டாவது மருந்து நைட்ரஜன் மஸ்டர்டின் நேர் வாரிசு. வெள்ளையணுவைக் குறைப்பது அதன் பிறவிக் குணம்.

சரி, ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள். பெரும்பாலோர் ‘டோட்டல் கவுண்ட்’ என்ற முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள். அதற்குக் கீழே டிஃபரன்ஷியல் கவுண்ட் என்று சதவீதங்கள் இருக்கும். அதில் நியூட்ரோஃபில் அல்லது பாலிமார்ஃப்ஸ் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். டோட்டலை அந்தச் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் வருவதுதான் நாங்கள் பார்க்கும் எண். அது நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை, ஏ.என்.சி. என்போம். 21-ம் நாள் டோட்டல் 2,600, நியூட்ரோஃபில் 38 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். பெருக்கினால் 988. இதே 2,600-ல் நியூட்ரோஃபில் 65 சதவீதம் இருந்திருந்தால் 1,690 வந்திருக்கும், அன்றைக்கே கீமோ போட்டிருப்பார்கள். இன்னொருவருக்கு டோட்டல் 3,800 இருந்து நியூட்ரோஃபில் 22 சதவீதம்தான் என்றால் அவருடைய எண் 836. டோட்டல் கூடுதலாக இருந்தும் அவர் உங்கள் அம்மாவைவிட மோசமான நிலையில் இருக்கிறார். டோட்டலை மட்டும் வைத்துக்கொண்டு பக்கத்துப் படுக்கையோடு ஒப்பிட்டுக் கலங்குவதை வார்டில் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் இந்தப் பெருக்கலை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். அதே ரிப்போர்ட்டில் மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவின் சதவீதம் வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் எனக்கு நம்பிக்கை வரும். மஜ்ஜை எழும்போது பெரும்பாலும் அதுதான் முன்னால் வரும், நியூட்ரோஃபில் ஓரிரு நாள் பின்னால் வரும்.

லேப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருக்கும்போது இயந்திரம் பிரித்துச் சொல்லும் சதவீதத்தில் பிழை வர வாய்ப்பு அதிகம், ஏனென்றால் எண்ணுவதற்குச் செல்களே கொஞ்சம்தான் இருக்கின்றன. டோட்டல் 1,500-க்குக் கீழே வந்தால் கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து, நுண்ணோக்கியில் ஒருவர் பார்த்து எண்ணிச் சொல்வது நல்லது. ஸ்மியர் பாருங்கள் என்று லேபில் கேட்டால் போதும். ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயைச் சரியாகக் கலக்காமல் விட்டு உள்ளே சிறு கட்டி தட்டினாலும் எண் தப்பாக வரும், பிளேட்லெட் இன்னும் தப்பாக வரும். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள். இரண்டு லேபுகளுக்கு நடுவே 2,600, 2,900 என்று வருவதில் அர்த்தம் எதுவும் இல்லை.

இந்த எண் எப்போது ஆபத்து? அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஜெரால்டு போடியும் சகாக்களும் 1966-ல் ரத்தப் புற்றுநோயாளிகளிடம் செய்த ஆய்வுதான் இன்றுவரை அடித்தளம். நியூட்ரோஃபில் 1,000-க்குக் கீழே போகும்போது தொற்று கூடத் தொடங்குகிறது, 500-க்குக் கீழே நன்றாகக் கூடுகிறது, 100-க்குக் கீழே மிக மோசம். எவ்வளவு இறங்கியது என்பதோடு எத்தனை நாள் அப்படியே கிடந்தது என்பதும் முக்கியம் என்று அவர்கள் காட்டினார்கள். மார்பகப் புற்றுநோய்க் கீமோவில் இந்தப் பள்ளம் சில நாள்தான் நீடிக்கும். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வாரக்கணக்கில் நீடிக்கும். அதனால் ஒரே 400 என்றாலும் இரண்டு இடத்திலும் ஒரே அர்த்தம் இல்லை.

இப்போது உங்கள் 11-ம் நாள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். டோட்டல் 1,900, நியூட்ரோஃபில் 20 சதவீதம். அதாவது 380. தள்ளிவைத்த 21-ம் நாளைப் பார்த்துத்தான் எல்லோரும் பயந்தீர்கள். உண்மையில் கவனமாக இருந்திருக்க வேண்டிய நாட்கள் அந்த 11-ஐ ஒட்டியவை. காய்ச்சல் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. காய்ச்சல் இல்லாமல் எண் மட்டும் இறங்கினால் பெரும்பாலும் ஒன்றும் செய்யத் தேவையில்லை, அது தானாக ஏறும். காய்ச்சலும் சேர்ந்து வந்தால் கதையே வேறு, அது அவசரநிலை.

இதற்குத்தான் வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வேண்டும் என்கிறேன். மீதி எல்லாம் மறந்தாலும் இது மறக்கக் கூடாது. அடுத்த கீமோ போட்டபின் 7-ம் நாளிலிருந்து 14-ம் நாள் வரை காலையும் மாலையும் நாக்குக்கு அடியில் வைத்துப் பாருங்கள். அக்குளில் வைத்தால் குறைத்துக் காட்டும். நெற்றிக்கு நேரே நீட்டும் துப்பாக்கி வகையை இதற்கு நான் நம்புவதில்லை. 101 ஒரு தடவை காட்டினாலோ, 100.4 வந்து ஒரு மணி நேரம் இறங்காமல் நின்றாலோ காய்ச்சல் என்று பாடநூல் சொல்லும். என் நோயாளிகளிடம் அதைவிடக் கறாராகவே சொல்கிறேன்: 100.4 ஒரு தடவை வந்தாலே போன் செய்யுங்கள். குளிர் நடுக்கம் வந்தால் எண்ணுக்குக் காத்திருக்கவே வேண்டாம். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடாதீர்கள். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைத் தடுக்காது. இரவு பத்து மணிக்கு நடுங்கியவர் மாத்திரை போட்டுத் தூங்கி, விடிகாலையில் ரத்த அழுத்தம் இறங்கி, கைகால் சில்லிட்டு வந்து சேருவதை இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பத்து மணிக்கே கிளம்பியிருந்தால் சிகிச்சை மிகச் சுலபம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், நியூட்ரோஃபில் இல்லாத உடம்பில் தொற்று தன் அடையாளங்களைக் காட்டாது. சீழ் என்பதே பெரும்பாலும் இறந்த நியூட்ரோஃபில்கள்தான். அவை இல்லையென்றால் சீழ் பிடிக்காது, புண் சிவக்காது. நெஞ்சில் சளித்தொற்று இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியலாம். காய்ச்சல் ஒன்றுதான் மிச்சமிருக்கும் அறிகுறி. வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அதுகூட வராமல் போகலாம். அப்போது திடீர்க் குழப்பம், எழுந்து நிற்க முடியாத தளர்ச்சி, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது இவற்றையே காய்ச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனைக்கு வந்து ஒரு மணி நேரத்துக்குள், எந்தக் கிருமி என்று கண்டறியும் ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு ஆண்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. நம் நாட்டில் இந்த நிலையில் அதிகம் வருபவை ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகள். அவற்றில் சாதாரண மருந்துக்கு மசியாதவை நிறைய. அதனால் தெருமுனை கிளினிக்கில் ஒரு மாத்திரை வாங்கிக்கொள்வதோடு நிறுத்தாதீர்கள். ஆபத்துக் குறைவானவர்களை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவதும் உண்டுதான். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது அவரைச் சோதித்துப் பார்த்த புற்றுநோய் மருத்துவர். இரவில் உள்ளே வரும்போது கேஷுவாலிட்டியில் இருக்கும் இளம் டாக்டரிடம் முதல் வாக்கியமாக ‘கீமோ போட்டு இத்தனை நாள் ஆகிறது, இவ்வளவு காய்ச்சல்’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் வரிசையை மாற்றும்.

தள்ளிவைத்தது ஏன்? மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் கீமோவில் நியூட்ரோஃபில் 1,500-ம் பிளேட்லெட் ஒரு லட்சமும் இருந்தால் போடுவது பொது வழக்கம். சிலர் 1,000 இருந்தாலே போடுவார்கள். இந்த 1,500 ஒன்றும் கல்லில் வெட்டியது இல்லை. பெரும்பாலும் பழைய ஆய்வுகளின் நெறிமுறைகளில் இருந்து கைமாறி வந்த எல்லை. அதனால் 1,300-க்கு ஒரு டாக்டர் போட்டார், இன்னொருவர் தள்ளினார் என்றால் இருவரில் ஒருவர் தவறு செய்தார் என்று நினைக்க வேண்டாம். 988 என்றால் நானும் தள்ளியிருப்பேன். எழாத மஜ்ஜையின் மேல் மறுபடி அடித்தால் அடுத்த பள்ளம் இன்னும் ஆழமாகவும் நீளமாகவும் போகும்.

ஒரு வாரம் தள்ளினால் சிகிச்சை கெட்டுவிடுமா என்ற பயம் நியாயமானது. ஒரு தடவை ஒரு வாரம் என்றால் கவலை வேண்டாம். திரும்பத் திரும்பத் தள்ளுவதும் மருந்தளவை வெட்டிக்கொண்டே போவதும்தான் பிரச்சினை. இத்தாலியில் மிலான் நகரத்தில் ஜியான்னி பொனடோன்னா குழுவினர், அறுவைக்குப் பின் கீமோ எடுத்த மார்பகப் புற்றுநோயாளிகளை 20 வருடம் தொடர்ந்து பார்த்து 1995-ல் வெளியிட்டார்கள். திட்டமிட்ட அளவில் 85 சதவீதத்துக்கு மேல் மருந்து போய்ச் சேர்ந்தவர்களுக்குப் பலன் நன்றாக இருந்தது. இது பின்னோக்கிப் பார்த்த கணக்கு. நல்ல உடல்நிலையில் இருந்தவர்களுக்குத்தான் முழு மருந்தும் போயிருக்கும் என்ற எதிர்வாதம் உண்டு, அது முழுக்கத் தள்ளக்கூடியதும் இல்லை. ஆனாலும் குணமாக்கும் நோக்கத்தில் போடும் கீமோவில் அளவையும் நாளையும் கூடியவரை காப்பாற்ற வேண்டும் என்பதில் எங்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நோய் முற்றி, வாழ்நாளை நீட்டிக்கவும் வலியைக் குறைக்கவும் கொடுக்கும் கீமோவில் நான் தயங்காமல் அளவைக் குறைப்பேன். உங்கள் அம்மா முதல் வகையில் இருக்கிறார்.

அதனால் ஊசி பற்றிய உங்கள் கேள்வி சரியான கேள்வி. ஃபில்கிராஸ்டிம் என்ற இந்த மருந்து 1991-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தினமும் ஒன்றாகச் சில நாள் போடுவது அது. ஒரு சுற்றுக்கு ஒரே ஊசியாகப் போடும் பெக்ஃபில்கிராஸ்டிம் 2002-ல் வந்தது. இரண்டுக்கும் இந்தியத் தயாரிப்புகள் இருப்பதால் விலை முன்பைவிட எவ்வளவோ குறைந்திருக்கிறது. காய்ச்சலோடு எண் விழும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துத் திட்டங்களில் முதல் சுற்றிலிருந்தே போடுகிறோம். அம்மாவுடைய திட்டம் மூன்று வார இடைவெளியில் அதற்குக் கீழே, நடுத்தரப் பிரிவில் வருகிறது. அதனால் முதலில் போடாமல் விட்டது தவறில்லை. ஆனால் 380 வரை இறங்கி, 21-ம் நாளும் மீளாமல் கீமோ தள்ளிப்போயிருக்கிறது என்பதால், மூன்றாவது கீமோ போட்டு 24 மணி நேரம் கழித்து ஊசி போடலாமா என்று தாராளமாகக் கேளுங்கள். நானாக இருந்தால் போடுவேன். இடுப்பிலும் நெஞ்செலும்பிலும் வலி வரும், மஜ்ஜை வேலை செய்கிறது என்பதால் வரும் வலி அது. வலிக்கு மாத்திரை கொடுக்கும் முன் காய்ச்சல் பார்த்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் செய்யக் கூடாது. கீமோவுக்கு முந்தின இரண்டு நாள் ஊசி போட்டு எண்ணை 1,500-க்கு மேல் தூக்கிவிட்டு, ‘கவுண்ட் வந்துவிட்டது’ என்று மறுநாளே கீமோ போடச் சொல்லிக் கேட்பது. தூரத்திலிருந்து பஸ்ஸில் வரும் குடும்பங்கள் தேதி தவறிவிடுமே என்று இப்படிக் கெஞ்சுவார்கள், அவர்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஊசி தூண்டிவிட்டதால் மஜ்ஜையில் செல்கள் மும்முரமாகப் பிரிந்துகொண்டிருக்கும் நேரம் அது. அப்போது கீமோ போனால் அவற்றுக்குத்தான் முதல் அடி. ரிப்போர்ட்டில் உள்ள எண் நன்றாக இருக்கும், அடியில் இருப்பு இருக்காது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் உறுதியானவை. இனி சந்தேகமானவை. கவுண்ட் குறைந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தமா? நுரையீரல் புற்றுநோயில் மூன்று ஆய்வுகளின் விவரங்களைச் சேர்த்து இத்தாலியக் குழு ஒன்று 2005-ல் பார்த்தது. கீமோவில் நியூட்ரோஃபில் இறங்கியவர்கள், இறங்காதவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். மருந்து உடம்புக்குள் போதுமான அளவு போயிருக்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். ஆனால் எண் இறங்கவில்லை என்பதற்காக மருந்தைக் கூட்டினால் பலன் வரும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. நாங்கள் யாரும் அப்படிக் கூட்டுவதும் இல்லை. ஆகவே இறங்கியதற்கு அழவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம். நியூட்ரோஃபிலை லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவால் வகுத்து வரும் விகிதம் கூடுதலாக இருந்தால் நோயின் போக்கு மோசம் என்று நிறையக் கட்டுரைகள் இணையத்தில் கிடைக்கும். கூட்டம் கூட்டமாகப் பார்க்கும்போது அது உண்மை. ஒரு சளி, ஒரு ஸ்டீராய்டு மாத்திரை போதும், தனி ஒருவருக்கு அந்த விகிதம் புரண்டுவிடும். அதை வைத்து நான் யாருக்கும் சிகிச்சையை மாற்றியதில்லை.

நோய் மஜ்ஜைக்குப் பரவி வெள்ளையணு குறைவதே கிடையாதா என்றால், உண்டு. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் போகக்கூடியதுதான். அப்படி ஆனால் பெரும்பாலும் வெள்ளையணு மட்டும் இறங்கி ஏறாது. ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் சேர்ந்து இறங்கி, வாரங்கள் ஆனாலும் மீளாமல் நிற்கும். ஸ்மியரில் மஜ்ஜையை விட்டு வெளியே வரக் கூடாத இளம் செல்கள் தெரியும், எலும்பு வலி இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 1,80,000. 11-க்குப் பிறகு வெள்ளையணுவும் ஏறத் தொடங்கிவிட்டது. இந்தப் படம் அதற்குப் பொருந்தவில்லை. நாலாவது வாரமும் ஏறவில்லை என்றால் நான் முதலில் வேறு காரணங்களைத் தேடுவேன்: பி12 குறைவு, தைராய்டுக்கான கார்பிமசோல், கிருமிக்கான கோட்ரைமாக்சசோல் போன்ற மாத்திரைகள், வைரஸ் காய்ச்சல், யாருக்கும் சொல்லாமல் எடுக்கும் நாட்டு மருந்து.

தெருவில் இருக்கும் பையனின் கணக்கு ஏன் வேறாக இருக்கிறது என்றால், அவனுக்கு நோயே வெள்ளையணுவில்தான். அங்கே எண் ஏறுவது நோய் திரும்புவதாகவும் இருக்கலாம். குழந்தைகளுக்கு வரும் ஏ.எல்.எல். வகையில் கடைசிக் கட்டமாக நீண்ட காலம் மாத்திரை கொடுக்கும்போது, நியூட்ரோஃபிலை வேண்டுமென்றே 500-க்கும் 1,500-க்கும் நடுவில் நிறுத்திவைப்பார்கள். ஏறினால் மாத்திரையைச் சரியாக விழுங்குகிறானா என்று கேட்டு, தேவையானால் அளவைக் கூட்டுவார்கள். அம்மாவைத் தள்ளிவைக்க வைத்த 988, அவனுக்கு வேண்டிய எண். ரத்தப் புற்றுநோயிலும் இந்த எண் முழுக் கதையைச் சொல்லாது. சி.எம்.எல். வகைக்கு இமாடினிப் மாத்திரை ஆரம்பித்தால் சில வாரங்களிலேயே கவுண்ட் இயல்பாகிவிடும், ஆனால் நோய் எவ்வளவு மிச்சம் என்பதை பி.சி.ஆர். பரிசோதனைதான் சொல்லும்.

அப்படியானால் அம்மாவுக்கு மருந்து வேலை செய்வதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? இதில் நேர்மையான பதில் கொஞ்சம் கஷ்டமானது. கட்டி உள்ளே இருக்கும்போது கீமோ கொடுத்தால் கையால் தொட்டும் ஸ்கேன் எடுத்தும் சுருங்குகிறதா என்று பார்க்கலாம். அம்மாவுக்குக் கட்டியை எடுத்தாகிவிட்டது. கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாமல் எங்கேனும் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடிய செல்களுக்காகத்தான் இந்தக் கீமோ. அன்றாடம் பார்த்து நிம்மதியடைய அதற்கு எந்த அளவுகோலும் இல்லை. அளவுகோல் இல்லாத இடத்தில், கையில் கிடைக்கும் ஒரே எண்ணான வெள்ளையணுவைக் குடும்பங்கள் பிடித்துக்கொள்கின்றன என்று நினைக்கிறேன். யாரையும் குறை சொல்ல முடியாது.

சாப்பாடு பற்றி. பப்பாளி இலைச் சாறு டெங்குவில் பிளேட்லெட்டுக்காகப் பேசப்படுவது. கீமோவில் நியூட்ரோஃபிலை ஏற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கல்லீரலில் மருந்துகளோடு மோத வாய்ப்பிருப்பதால் நான் கொடுக்க வேண்டாம் என்பேன். மாதுளையும் பீட்ரூட்டும் சாப்பாடாக நல்லவை, தாராளமாகக் கொடுங்கள், கவுண்டுக்காக என்று நினைக்காமல் கொடுங்கள். பச்சைக் காய் பழமே கூடாது என்று முன்பு கடுமையாகச் சொல்லிவந்தோம். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் அந்தப் பத்தியத்தால் தொற்று குறையவில்லை. வீட்டில் கழுவித் தோல் உரித்த வாழைப்பழம், ஆரஞ்சு, சூடாகச் சமைத்த சோறு, குழம்பு, நன்றாக வெந்த முட்டை, மீன் எல்லாம் சாப்பிடலாம். வெளியே நறுக்கி வைத்த பழம், காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை, நேற்றைய மிச்சம் வேண்டாம். கோயில் தீர்த்தத்தை அந்த இரண்டாவது வாரத்தில் கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் வேண்டாம், தலையில் தெளித்துக்கொண்டால் போதும். மலச்சிக்கலுக்கு எனிமா, ஆசனவாயில் வைக்கும் மருந்து இரண்டும் கூடாது. சிறு கீறல் வழியாகக்கூடக் கிருமி ரத்தத்துக்குள் போகும். வீட்டுக்கு வருபவர்களிடம் சளி இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், அம்மாவால் சொல்ல முடியாது.

28-ம் நாள் மறுபடி ரத்தம் பார்க்கும்போது டோட்டல், நியூட்ரோஃபில் சதவீதம், பெருக்கி வந்த எண், பிளேட்லெட் நான்கையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள், கீமோ போட்டு எத்தனையாவது நாள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். நாள் இல்லாத எண் எனக்குப் பயன்படாது. டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். அளவைக் குறைக்கப் போகிறீர்களா, அல்லது ஊசி சேர்த்து முழு அளவு கொடுக்கப் போகிறீர்களா? இரவில் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், எந்த வாசலுக்கு வர வேண்டும்? இரண்டாவதற்கான பதிலை வாங்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள். இந்த இரண்டு மருந்துகளின் நான்கு சுற்று முடிந்து, வாராவாரம் போடும் பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து ஆரம்பித்தால், கவுண்ட் இவ்வளவு விழுவது குறைவு. அப்போது புதிதாகப் பார்க்க வேண்டியது விரல் நுனியில் வரும் மரத்துப்போதல், அதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.